பவுன் எந்த வீட்டில் இருக்கிறது

கண்ணு,

மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் போட்டுவிடு, வேலை போகாது என்று நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். உன் அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் அப்பளம் எடுக்க உள்ளே போய்விட்டேன். பதில் இல்லாமல் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அங்கே ஆரம்பித்திருந்தால் நீ பெட்டி கட்டுகிற வேலை கெட்டிருக்கும். நாளை சாயங்காலம் டெல்லிக்குக் கிளம்புகிறாய். எந்தக் குடும்பம் ஏழை, எது ஏழையில்லை என்று வீடு வீடாக மதிப்பெண் போடுகிற செயலியைத் தயாரிக்கும் கம்பெனியில் சேரப் போகிறாய். சூலூரில் நான் இதைச் சொல்லாத வீடு பாக்கியில்லை, காய்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது நீயும் அப்பாவும் ஸ்வெட்டர் வாங்கப் போயிருக்கிறீர்கள். வீடு அமைதியாக இருக்கிறது. நான் ஏன் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்பதை இப்போதே எழுதிவிடுகிறேன். விமானத்தில் படி. அங்கே நடுவில் எழுந்து போக முடியாது.

நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் குடும்பங்களில் வசதியில்லாதவர்களின் பிள்ளைகளுக்கு ஓர் அறக்கட்டளை கல்லூரிக் கட்டணம் கட்டுகிறது. யார் வசதியில்லாதவர் என்று கண்டுபிடித்துக் கொடுப்பது எங்கள் ஏஜென்சியின் வேலை. டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போக வேண்டும். கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். கூரை என்ன, வண்டி உண்டா, இயந்திரம் உண்டா, போன வருஷம் என்னென்ன வாங்கினார்கள். கடைசியில் ஒரு எண் வரும். எண் ஏறினால் வசதி, இறங்கினால் வறுமை. நீ செய்யப் போகிறதும் இதுதான். உங்களுடையது இன்னும் பளபளப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

வேலுச்சாமி என்பவரின் வீட்டுக்கு நானே போயிருந்தேன். முன்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நாலு தறி, பின்பக்கம் ஒரு அறையும் சமையல்கட்டும். தறி அவருடையது. நூலோ வியாபாரியுடையது, நெய்த துணியும் வியாபாரியுடையது. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி மட்டும் இவருக்கு. ஆனால் டேப்லெட் கேட்பது 'சொந்தமாக இயந்திரம் உண்டா?' என்பதுதான். உண்டு, நாலு. எண் அங்கேயே ஏறிவிட்டது. வியாபாரி நூல் அனுப்பாத மாதத்தில் அந்த நாலு இயந்திரங்களும் பழைய இரும்புதான் என்று எழுத அதில் இடமில்லை.

அவர் மனைவி கலாமணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடிங்கம்மிணி, வெய்யல்ல வந்திருக்கறீங்க. சித்தே இருங்க, காப்பி வெக்கறேன்" என்றாள். பின்வாசல் வழியாக ஒரு டம்ளர் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பாலோடு திரும்பியது. அதற்கப்புறம்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது. "போன வருசத்துல என்னைக்காச்சும் சாப்பாட்டுக்குப் பத்தாமப் போயிருக்குதுங்களா?" கலாமணி காப்பியை ஆற்றிக்கொண்டே, "அப்படியெல்லாம் ஒண்ணுங் கொறையில்லீங்க" என்றாள். நம்மூரில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்த கையோடு எவளாவது 'எங்கள் வீட்டில் இல்லை' என்று சொல்வாளா? நான் சொல்லமாட்டேன். உன் அத்தை சொல்லமாட்டாள். கேள்வி எழுதியவருக்கு இந்தச் சொம்பைப் பற்றித் தெரியாது. குறையில்லை என்று பதிந்துகொண்டேன். அதைப் பதியத்தான் எனக்குச் சம்பளம்.

அடுத்தது, நகை, பட்டு, பாத்திரம் ஏதாவது வாங்கினீர்களா என்ற கேள்வி. இதற்காகவே காத்திருந்ததைப் போல வேலுச்சாமி தறியை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தார்.

"வாங்காமயாங்க? எந்தங்கச்சி மவளுக்கு மாமன் சீர் செஞ்சோமுங்க. மூணு பவுனு, பட்டு, குத்துவெளக்கு, அண்டா, தட்டு வரிசை அல்லாமுந்தான். மண்டபமே எந்திரிச்சு நின்னு பாத்துச்சுங்க."

"அண்டாவத் தூக்கறதுக்கு ரெண்டு ஆளுங்க" என்றாள் கலாமணி.

"அதுல ஒரு ஆளு நானுங்க. இன்னும் இடுப்பு வலி போகுல."

"அண்டாவுலயா வலிக்குது? வட்டியில வலிக்குது."

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் விஷயத்தைச் சொன்னேன். "ஏனுங்க, இதை நீங்க வாங்கினதாப் போட்டா உங்க எண் நெம்ப ஏறிப்போகுமுங்க. தாரணி படிப்புக்குப் பணம் வராது." தாரணி அவர்கள் மகள். நர்சிங் இடம் கிடைத்திருக்கிறது, கட்டணம் கட்டவில்லை. உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

வேலுச்சாமி கை துடைத்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அதுக்கோசரம் சீர் செய்யிலீன்னு எழுதிப்போடாதீங்கம்மிணி. நாளைக்கு எவனாச்சும் படிச்சுச் சொன்னா எந்தங்கச்சி அந்த ஊட்டுல தலை நிமிந்து இருக்க முடியுமுங்களா?"

"உங்க தங்கச்சி நிமிந்துக்குவா" என்றாள் கலாமணி. "எம்மவ தலை?"

"ரெண்டு தலையும் நிமிரோணும். நானென்ன ஒண்ணைக் குனியச் சொன்னனா?"

இதுதான் கண்ணு நம்ம ஆட்கள். டெல்லியில் உனக்குச் சொல்லித்தருவார்கள், மக்கள் உதவி கிடைக்கும் என்றால் இருப்பதைக் குறைத்துச் சொல்வார்கள் என்று. அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கலாம். இங்கே ஒரு மனிதர், மகள் படிப்பே போகும் என்று தெரிந்த பிறகும், கடன் வாங்கிச் செய்த சீரில் ஒரு குன்றிமணிகூடக் குறைத்து எழுதாதே என்கிறார். இந்த ஊரில் தாய்மாமன் சீர் என்பது அவர் விருப்பத்துக்குச் செய்த செலவா? செய்யாவிட்டால் தங்கைக்கு அந்த வீட்டில் பேச்சு. செய்தால் இவருக்கு வட்டி. உங்கள் செயலி இதைப் பார்த்து, இந்தக் குடும்பம் நகையும் பட்டும் வாங்கியிருக்கிறது, நன்றாக இருக்கிறது என்கிறது. ஒரு குடும்பம் கடனில் முங்கிப்போன வருஷமே அதற்குப் பணக்கார வருஷமாகப் பதிவாகிறது.

நான் செய்தது இவ்வளவுதான். சீரை மறைக்கவில்லை. ஒரு பவுனையும் குறைக்கவில்லை. பவுன் இப்போது எந்த வீட்டில் இருக்கிறது என்று மட்டும் வேலுச்சாமியிடம் கேட்டேன். வாங்கினார்கள் என்ற இடத்திலிருந்து எடுத்து, கடன் வாங்கிக் கொடுத்தார்கள் என்ற இடத்தில் போட்டேன். குறிப்புப் பகுதியில் 'பவுன் இந்த வீட்டில் இல்லை, கடன் இந்த வீட்டில் இருக்கிறது' என்று எழுதி என் பெயரையும் போட்டேன்.

ஒரு வீட்டுக்கு இரக்கப்பட்டு அளவுகோலை வளைத்துவிட்டாய் என்றாய். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டாமா என்று கேட்டாய். வேண்டும். நான் புள்ளியியல் படித்தவள், எனக்குத் தெரியாதா? அதனால்தான் என் பகுதியில் சீர் செய்த வீடுகள் எல்லாவற்றுக்கும் அதேபோல் திருத்தினேன். சீர் வாங்கிய வீடுகளிலும் திருத்தினேன். வந்த பவுனை அவர்கள் சொத்தில் சேர்த்தேன். இதை நேற்று உன்னிடம் நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. தகராறே அந்த இரண்டாவது திருத்தத்தில்தான் வந்தது. சீர் வாங்கிய ஒரு வீட்டுக்காரரின் பிள்ளை பெயர் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டது. அவருக்கு எங்கள் மேனேஜரின் நம்பர் தெரியும். கலாமணிக்குத் தெரியாது. யாரிடம் யார் நம்பர் இருக்கிறது என்பதையும் ஒரு கேள்வியாக வைக்கச் சொல்லிப் பார். மற்ற கேள்விகள் பாதி தேவைப்படாது.

மேனேஜர் உன்னைவிட நாலைந்து வயது பெரியவனாக இருப்பான். கெட்டவன் இல்லை. "மேடம், நீங்க ஃபீல்டுக்கு ஃபீலிங்ஸை எடுத்துட்டுப் போறீங்க" என்றான். "ஃபீலிங்ஸ் இல்லீங்க தம்பி, கணக்குத்தான். குடுத்த வீட்டுல பவுனை எண்ணறீங்க, அது போய் இருக்கற வீட்டுல எண்ணறதில்லை" என்றேன். பவுன் போன வீட்டில் அதை எண்ணச் சொல்லி மேலிடத்தில் கேட்கவே இல்லை என்றான். திங்கட்கிழமைக்குள் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிப்போட்டு ஒரு வரி மன்னிப்பு எழுதினால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் டேப்லெட்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றான். செவ்வாய்க்கிழமை பட்டியலை மூடுகிறார்கள். என் வேலையும் தாரணியின் கட்டணமும் இதில்தான் நிற்கின்றன.

உன் தாத்தாவை உனக்கு நல்ல மனுஷராகத்தான் தெரியும். எனக்கும் அவர் மேல் கோபமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ தொட்டிலில் கிடந்தபோது இதே மாதிரி கணக்கெடுக்க ஒருவர் வந்தார். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து, "தோப்பு இருக்குது, கெணறு இருக்குது, மாடு இருக்குது. எழுதிக்கங்க. எங்கூட்டுல என்ன கொறை?" என்றார். நான் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஒரு வங்கித் தேர்வுக்குக் கோயம்புத்தூர் போக எனக்குப் பஸ்ஸுக்குக் காசில்லை. கேட்டேன். மருமகள் வேலைக்குப் போனால் ஊர் என்ன பேசும் என்றார். தோப்பு வைத்திருக்கிற வீட்டில் பஸ்ஸுக்குக் காசில்லாத ஒருத்தி இருக்கிறாள் என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. வந்தவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை; மோர் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வீட்டுக்கு ஒரு எண் போடும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள். ஒரு வீட்டுக்குள் ஒரே வசதியில் எல்லாரும் இருப்பதில்லை.

பஸ்ஸுக்குக் காசு கொடுத்தது காரமடையில் இருக்கிற உன் மாமன். தேர்வில் நான் தேறவில்லை, அது வேறு கதை. நான் சொல்ல வந்தது உன் கழுத்துச் செயினைப் பற்றி. உன் காதுகுத்துக்கு மாமன் போட்டதுதான் அது. உனக்கு நினைவிருக்காது, அவர் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்கும்படி அழுதாய். மாமன் அப்போது மில்லில் இருந்தார், வீட்டில் கறவை மாடு இருந்தது. சீர் முடிந்த பிறகு அந்த மாடு இல்லை. அதுவரை ஊருக்குப் பால் ஊற்றிய உன் அத்தை தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனாள். நான் கேட்டதற்கு, "மாட்டுக்குத் தீவனம் போட்டு மாளுல அம்மிணி, அதான் குடுத்துப்போட்டேன்" என்றார் மாமன். நானும் அதை நம்புவதாகவே காட்டிக்கொண்டேன். நம்புவதாகக் காட்டிக்கொள்வதுதான் அவருக்கு மரியாதை என்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் யாராவது டேப்லெட்டோடு அங்கே போயிருந்தால், பவுன் வாங்கிய வீடு, பாலைக் காசு கொடுத்து வாங்குகிற வீடு என்று மாமன் எண் எங்கேயோ ஏறியிருக்கும். பவுன் நம் பீரோவில் இருந்தது.

எல்லா வீட்டையும் அளக்கிறோம் என்று உங்கள் கம்பெனி விளம்பரத்தில் பார்த்தேன். எல்லா வீடும் இல்லை கண்ணு. வேறொரு கணக்கெடுப்பில் எனக்கு அவிநாசி ரோட்டுக்கு உள்ளே பெரிய பெரிய வீடுகள் இருக்கிற ஒரு தெரு வந்தது. கேட்டுக்கு வெளியே நின்றேன். காவல்காரர், "ஐயா இல்லீங்க" என்றார். எப்போது வருவார் என்றேன். "இருக்கறப்பவும் இல்லீங்கம்மா" என்றார். உள்ளே ஒரு பெரிய நாய் என்னை மேலும் கீழும் அளந்தது. அந்தத் தெருவில் நடந்த ஒரே அளவை அதுதான். பூட்டு என்று பதிந்துவிட்டு, விதிப்படி அதற்குப் பதிலாக அடுத்த தெருவில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டை எழுதிக்கொண்டு வந்தேன். இப்படிப் பெரிய வீடெல்லாம் பூட்டாகவும், அதற்குப் பதில் வாத்தியார் வீடாகவும் போனால், கடைசியில் வரைபடத்தில் ஏற்றத்தாழ்வு குறைந்துதான் தெரியும். கீழே இருப்பவன் அடுப்படி வரைக்கும் திறந்துவிடுகிறான். மேலே இருப்பவன் கேட்டையே திறப்பதில்லை. அப்புறம் அறிக்கையில் இடைவெளி குறைந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். கேட்டுக்கு வெளியே நின்றவள் நான். எனக்குத் தெரியும் எவ்வளவு குறைந்தது என்று.

இதற்காக அளப்பதே தப்பு என்று சொல்லவரவில்லை. அளக்காவிட்டால் நம்பர் தெரிந்தவன் பெயர் மட்டும்தான் பட்டியலில் இருக்கும். அதனால்தான் உன்னை இந்தப் படிப்புப் படி என்று நானே சொன்னேன், இந்த வேலைக்கும் போ என்கிறேன். அங்கே கேள்வி எழுதுகிற மேசையில் உட்கார வாய்ப்பு வந்தால் விடாதே. 'வாங்கினீர்களா' என்று எழுதியிருந்தால், 'இப்போது அது யார் வீட்டில் இருக்கிறது' என்று கீழே ஒரு கேள்வி சேர். 'குறை உண்டா' என்று கேட்காதே. நம்மூரில் குறை இல்லை என்றுதான் சொல்வார்கள். வேறு எதையாவது கேள். பக்கத்து வீட்டிலிருந்து கடைசியாக என்ன வாங்கினீர்கள் என்று கேள். கேள்வி நீளமாகிவிடும், செலவு கூடும் என்பார்கள். கூடட்டும். வருஷத்துக்கு ஒருமுறையாவது நீயே ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து கேள், அவர்கள் கொடுக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேள். உன் மேலதிகாரி மன்னிப்புக் கேள் என்றால், நீ கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தால் உடனே கேள். சரியாகப் போட்டிருந்தால் உன் அம்மாவை நினைத்துக்கொள்.

நேற்று நீ சொன்னதில் ஒன்று எனக்கு வலித்தது. "உனக்கு இந்த வேலை போனா வேற யாரும்மா தருவாங்க?" என்றாய். தராமல் போகலாம். உன் அப்பாவின் லேத் பட்டறையில் வருவது நமக்குச் சோற்றுக்குப் போதும். தேங்காய் துருவிக்கொண்டு உள்ளே இருந்தவள் இருபது வருஷம் கழித்து வெளியே வந்து இந்த வேலையைப் பிடித்தேன். அன்று தாத்தாவிடம் கணக்கெடுக்க வந்தவரைப் போல மோரைக் குடித்துவிட்டு எழுந்து போவதற்காகவா?

அறக்கட்டளைக்கு நேராகவே எழுதிவிட்டேன். எந்தெந்த வீட்டில் என்ன திருத்தினேன், ஏன் திருத்தினேன் என்று சொல்லி, திங்கட்கிழமை நேரில் வருகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். இதுவரை பதிலில்லை. பதில் வராவிட்டாலும் போவேன். காலையில் கலாமணிக்குப் போன் செய்து இதைச் சொன்னேன்.

"நானும் வாரேனுங்கம்மிணி. ஒரு நாளைக்குத் தறி நின்னா நிக்குது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரும் வாராராமா. அந்தச் சீர் ஆல்பத்தை எடுத்துத் துணியில கட்டி வெச்சிருக்கறாருங்க" என்றாள்.

"ஆல்பம் எதுக்குங்க?"

"நீங்கதான கேட்டீங்களாமா, பவுன் எந்த ஊட்டுல இருக்குதுன்னு. அதுல பளிச்சுன்னு தெரியுதாமா, புள்ள கழுத்துல. மாமன் கையால போடறதே நாலு போட்டோ இருக்குதுங்க."

பக்கத்தில் வேலுச்சாமியின் குரல் கேட்டது. "அண்டா போட்டோவும் இருக்குதுன்னு சொல்லு."

நான் யோசிக்காத சாட்சி. அவர் மானத்துக்கென்று எடுத்து வைத்த படம் அவர் மகளுக்காக மேசைக்கு வருகிறது. குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை, குனிய வேண்டியதில்லை. ரெண்டு தலையும் நிமிரோணும் என்று அவர் சொன்னபோது அது நடக்காத காரியம் என்று நினைத்தேன். நடக்குமா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஆனால் நான் மன்னிப்புக் கடிதம் எழுதினால் நிச்சயம் நடக்காது.

மாமன் போட்ட செயினை நீ கழற்றி என் பீரோவில் வைத்திருந்தாய், டெல்லியில் தொலைந்துவிடும் என்று. எடுத்து உன் கைப்பையில் வைத்திருக்கிறேன். போட்டுக்கொள். போய் இறங்கியதும் முதல் போன் காரமடைக்குப் பண்ணு, எனக்கு அல்ல. மாட்டைப் பற்றி எதுவும் கேட்காதே. செயினைப் போட்டிருக்கிறேன் மாமா என்று மட்டும் சொல்.

திங்கட்கிழமை உனக்கு அங்கே முதல் நாள். எனக்கு இங்கே கடைசி நாளாக இருக்கலாம். மத்தியானம் போன் பண்ணு. நான் எடுக்கவில்லை என்றால் பயப்படாதே. நாங்கள் மூன்று பேரும் யாராவது ஒருவருடைய மேசையில் ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு பக்கம் திருப்பிக்கொண்டிருப்போம்.

அம்மா